எச்சில் குடித்த தகடு

“இன்னா வேணா கேளு கவி. ஸ்கூட்டி கேளு, பட்டுப்பொடவ கேளு, வருசத்துக்கு ஒருக்கா எங்கனா குளிரான ஊருக்குக் கூட்டினு போன்னு கேளு. இத்த மட்டும் கேக்காத.”

“நா இன்னும் வாயே தொறக்கலியே.”

“தொறக்கப் போறேன்னு மூஞ்சியே சொல்லுது.”

“வாஷ்பேசின யாரு கழுவுறதுன்னு கேக்கலாம்னு வந்தேன். அவ்ளோதான்.”

“ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா போயிடும்மா. அம்மா இத்தினி நாளா அதத்தான் செஞ்சிக்கினு இருந்தாங்க. ஹேமுவ யாருனா ஒரு வார்த்த சொன்னா, நைனா சோத்துல வெச்ச கைய அப்டியே உதறிட்டு எழுந்துடுவாரு. அவரு சாப்ட்லன்னா அம்மாவும் சாப்ட மாட்டாங்க. அப்புறம் அன்னிக்குப் பூரா ஊடு எழவு ஊடுதான். இது ஒண்ண உட்டுடு கவி. வேற எது வேணா கேளு.”

கல்யாணமான நாலாம் நாள் காலை, மணவாள நகர் வீட்டு மொட்டைமாடியில், ஈரப் புடவையின் ஒரு முனையைக் கவிப்பிரியாவும் மறுமுனையைப் பாஸ்கரும் பிடித்து உதறிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு அது. புதுப் பெண்டாட்டிக்குத் துணி காயப்போட வந்த மாப்பிள்ளையைப் பார்த்து எதிர்வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இப்படி ஒருவன் கிடைத்திருக்கிறான், ஒரு சொம்பு தண்ணீர்தானே என்று அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

விட்டது விட்டதுதான். நாலு வருடம் ஓடிவிட்டது. ஒரு சொம்பு தண்ணீரில் அது ஒருநாளும் போனதில்லை.

ஹேமநாத், பாஸ்கரின் தம்பி. பெட்டிக்கடையில் தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் அடியிலிருந்து எடுத்துத் தருவார்களே, அந்த மசாலா பாக்குப் பொட்டலம் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியாது. காலையில் கவிப்பிரியா பல் துலக்கப் போகும்போது வெள்ளை வாஷ்பேசினில் செங்கல் நிறத்தில் வழிந்து, ஓரங்களில் காய்ந்து, நடுவில் மட்டும் கொழகொழவென்று பளபளத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் நிறம் போகும். பாக்குத் துணுக்குகள் போகாது. அடியில் இருக்கும் வடிகட்டியின் துளைகளில் ஒவ்வொன்றாகச் சிக்கி நிற்கும். அவற்றை விரல் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏலக்காயும் ரோஜா எசென்ஸும் சுண்ணாம்பும் எச்சிலும் கலந்த ஒரு வாடை விரலிலேயே தங்கிவிடும். எத்தனை சோப்பு போட்டாலும், மத்தியானம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த வாடை முந்திக்கொண்டு மூக்குக்கு வரும்.

மாமியார் தாயாரம்மாளிடம் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “ஆம்பளப் புள்ளைங்க கீற ஊடு அப்டித்தாம்மா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் புளி கரைக்கப் போய்விட்டார். அவரும் பல வருடம் விரல் விட்டு எடுத்தவர்தானே.

இத்தனைக்கும் ஹேமநாத் கெட்டவன் இல்லை. அதுதான் கவிப்பிரியாவுக்குத் தாங்கமுடியாத விஷயம். அண்ணி, அண்ணி என்று வாய் ஓயாமல் கூப்பிடுவான். திருவள்ளூர் பஜாருக்குப் போனால் அவளுக்குப் பிடித்த கமர்கட்டை மறக்காமல் வாங்கி வருவான். குடும்பத் தொழிலுக்கு நாலு பேரைப் பார்த்துப் பேசி ஆர்டர் பிடித்து வருகிறவன் அவன்தான். சிரித்தால் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். சிரிக்கும்போது பல்லிடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியும்.

அந்தக் குடும்பத்துக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் இருந்தது. மாமனார் மணவாளன் அதில் தகடுகளில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ரைஸ் மில் சல்லடை, ஜெனரேட்டர் சைலன்சர், ஸ்பீக்கர் மூடி என்று துளை விழுந்த எதுவும் அங்கே கிடைக்கும். திருவாலங்காட்டுப் பெண் கவிப்பிரியா, ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏற்ற வேலை கிடைக்காமல் அங்கே தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவள். சல்லடைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதே துளையை இன்னும் பொடியாகப் போட்டால் விமான இறக்கைக்கு ஆகுமே என்று அவள் சொன்ன அன்றுதான் பாஸ்கர் முதன்முதலாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“எறக்கைல ஓட்ட போட்டா வுழுந்துடாதாம்மா?” என்று கேட்டான்.

“வுழாம இருக்கத்தாங்க ஓட்ட. எறக்க தோல ஒட்டிக்கினு போற காத்து, போவப்போவ சோந்து வேகம் கொறஞ்சிடும். அப்புறம் தோல உட்டுப் பிரிஞ்சி சுத்த ஆரம்பிச்சிடும். அது பிரிஞ்சா தூக்கற சக்தி போச்சு. அந்தச் சோந்த காத்த மட்டும் பின்னால இருந்து பம்ப் வெச்சி பொடி ஓட்டை வழியா உறிஞ்சிட்டா, மேல இருக்கற நல்ல காத்து வந்து படிஞ்சி ஒட்டிக்கினு போவும்.”

“அதாவது பேஜாரு புடிச்சவன வெளிய அனுப்பிட்டா, மத்தவன் ஒழுங்கா வேல செய்வான்.”

“அப்டியும் சொல்லலாம்.”

அவன் அன்றைக்கே ஒரு தகட்டை எடுத்து உட்கார்ந்தான். எத்தனையோ ஊசியை உடைத்தான், எத்தனையோ தகட்டைக் கிழித்தான். கடைசியில் குண்டூசி முனை மட்டும் நுழையும் துளைகள் வரிசை வரிசையாக விழுந்த ஒரு அலுமினியத் தகட்டை, பூ கொண்டுவந்து கொடுப்பதுபோல் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மெல்லிய மல்துணி மாதிரி இருந்தது. அவர்கள் காதல் அந்தத் தகட்டில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

இப்போது அந்தத் தகடு ஒரு பேனலாக வளர்ந்திருந்தது. முன்னால் துளைத் தகடு. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து பம்புக்கு ஒரு குழாய். பெங்களூரில் ட்ரோன் செய்யும் ஒரு கம்பெனியிடம் ஹேமநாத்தான் பேசி ஆர்டர் வாங்கி வந்தான். ஷெட்டின் மூலையில் கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, பிளைவுட்டில் ஒரு சின்னக் காற்றுச் சுரங்கமும் கட்டியாகிவிட்டது. டனல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பேனலை ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து, சோர்வில்லாமல் உறிஞ்சுகிறதா என்று பார்க்கப் பம்பை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். இன்று மத்தியானத்துக்கு மேல் பெங்களூரிலிருந்து துளசிராமன் என்ற இன்ஜினியர் நேரில் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால்தான் அடுத்த வேலை. காலையில் கவிப்பிரியா பேனலை டனலுக்குள் மாட்டி, முகப்பில் உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினாள். காற்று படிந்து போனால் நூலெல்லாம் வாரிவிட்ட தலைமுடி போல ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். பிரிந்து சுற்றினால் கிடந்து துடிக்கும்.

ஃபேனைப் போட்டாள். ஓரங்களில் நூல் அழகாகப் படுத்தது. நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு மட்டும் நூல்கள் பேய் பிடித்ததுபோல் ஆடின.

பம்ப் சரியாக இருந்தது. குழாய் சரியாக இருந்தது. ரப்பர்ப் பட்டையில் கசிவில்லை. போன வாரம் இதே பேனலில் ஒரு நூல்கூட அசையவில்லை. அவள் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேனலைக் கழற்றி மேஜையில் குப்புறப் போட்டு, பின்பெட்டியின் மூடியை ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகி எடுத்தாள். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் மூடி தூக்க வரவில்லை. எதுவோ பிடித்து வைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினாள்.

மூடி, பிசுக்கென்ற சத்தத்துடன் வந்தது.

முதலில் வாடை வந்தது. அது வந்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய், ரோஜா எசென்ஸ், சுண்ணாம்பு, எச்சில். ஆனால் வீட்டு வாஷ்பேசினில் அது ஒருநாள் வாடை. இங்கே ஒரு வாரம் பம்பின் சூட்டில் மூடிக் கிடந்து புளித்த வாடை. பெட்டியின் அடித்தட்டில் பழுப்புச் சிவப்பாக ஒரு ஏடு படிந்திருந்தது. மூடியோடு ஒட்டியிருந்த இடங்களில் கயிறு கயிறாக இழுபட்டுத் தொங்கியது. ஏட்டுக்குள், அந்தத் துளைகளிலும் நுழைந்துவிடும் அளவுக்குப் பொடிந்த பாக்குத் தூள், புகையிலைத் துகள். துளைத் தகட்டின் உள்பக்கத்தில், பாஸ்கர் ஊசி ஊசியாகப் போட்ட துளைகள் ஒவ்வொன்றிலும், சீழ் கட்டியது போல ஒரு சிவப்புத் துளி காய்ந்திருந்தது.

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தகட்டைத் திருப்பி முகப்பைப் பார்த்தாள். முகப்பு சுத்தமாக, கண்ணாடி போல இருந்தது.

கதவு திறந்தது. ஹேமநாத் போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்தான். பஞ்சிங் மிஷின் இரைச்சல் கேட்காத, குளிர்ச்சியான இடம் என்பதால் அவன் போன் பேசுவதெல்லாம் இந்த அறையில்தான். மேஜையைப் பார்த்தவன் போனை அணைத்துவிட்டுச் சிரித்தான்.

“ஐயோ, மூடியத் தொறந்துட்டீங்களா அண்ணி?”

“இது இன்னா ஹேமு?”

“செம மேட்டர் அண்ணி அது. போன் பேசிக்கினே ஒருநாள் தெரியாத்தனமா அது மேல துப்பிட்டேன். துடைக்கலாம்னு பாக்கறேன், ஆளையே காணோம்! சர்ருனு உள்ள இழுத்துக்கிச்சு. ஒரு சொட்டு கீழ வுழல. அப்புறம் எதுக்கு வெளிய வெயில்ல போய்த் துப்பணும்? என் ஃபிரெண்டுக்குக்கூட வீடியோ எடுத்துக் காட்டுனேன். அவனும் ஒரு வாட்டி டிரை பண்ணான்.”

“இதுல… துப்புனீங்களா? வாரம் பூரா?”

“உள்ள போய்த் தேங்கும்னு எனக்கு இன்னா தெரியும்? பம்ப் வழியா வெளிய போயிடும்னு நெனச்சேன். சரி உடுங்க, தண்ணி ஊத்துனா போயிடும்.”

சொல்லிக்கொண்டே அவன் வாயில் இருந்ததை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான். அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

பாஸ்கர் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மேஜைக்கு வந்து தகட்டைக் குனிந்து பார்த்தான். தன் துளைகளைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது. இதோ கேட்கப்போகிறான் என்று கவிப்பிரியா எதிர்பார்த்தாள்.

“ஹேமு,” என்றான் பாஸ்கர். “நீ போய் ஆபீஸ் ரூம்ல பேசு.”

அவ்வளவுதான். ஹேமநாத் அண்ணன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பாஸ்கர் சட்டைக் கையை மடித்தான்.

“நைனா வர்றதுக்குள்ள நா கழுவிடறேன் கவி. வெந்நீர் வெச்சி, சோப்பு போட்டு, பின்னால இருந்து ஏர் அடிச்சா ஓட்டையெல்லாம் தொறந்துக்கும். நீ கை வெக்காத. நா இருக்கேன் இல்ல?”

“நீங்க கழுவுவீங்க.”

“ஆமா.”

“அவரு துப்புவாரு.”

“கவி, இப்ப வேணாம். இன்னிக்கி அந்தத் துளசிராமன் சார் வர்றாரு…”

ஆறுதலாக அவள் தோளைத் தொட்டான். நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கை அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நல்ல கைதான். உழைக்கிற கை, மல்லிப்பூ வாங்கி வருகிற கை. ஆனாலும் அவள் தோள் தானாகவே விலகிக்கொண்டது. அவன் அதைக் கவனித்தான். கவனித்தும் குழாயைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

வெந்நீர் கொதிப்பதற்குள் மணவாளன் வந்துவிட்டார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் டனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். இன்றும் கையை நீட்டியவர், மேஜையில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

“இன்னாடா இது, ரத்தமா?”

அவர் குனிந்து முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“எச்சில்! எவன்டா துப்புனது? சாமிக்குப் பொட்டு வெச்ச எடத்துல எச்சிலா?” அவர் கண் ஷெட்டைச் சுற்றி வந்தது. வாசலில், துடைப்பத்தோடு, வாயில் வெற்றிலையோடு நின்ற முத்தம்மாள் மேல் போய் விழுந்தது. “ஏய் முத்தம்மா! இங்க வா!”

முத்தம்மாள் ஷெட் தொடங்கிய நாளிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவள். காக்களூர்தான் ஊர். புருஷன் இல்லை. இடுப்பில் வெற்றிலைப் பையைச் செருகியபடி ஓடிவந்தாள்.

“இன்னா மொதலாளி?”

“வாயத் தொற.”

“இன்னாத்துக்கு?”

“தொறன்னா தொற!”

அவள் திறந்தாள். சிவப்பாக இருந்தது. மணவாளனுக்கு அது போதும்.

“இத்தினி வருசம் சோறு போட்ட எடத்துல துப்பிக் கீறியே, உனுக்கு வெக்கமா இல்ல?”

“யார்ரா இவரு! மொதலாளி, நா துப்புனா வேலிக்கு அந்தாண்ட போய்த் துப்புவேன். மிஷின்ல துப்புவேனா? நானே பொட்டு வெச்ச மிஷினு அது. என் புள்ளைங்க மேல சத்தியமா…”

“சத்தியம்லாம் வேணாம். சாப்ட்டு வந்து உன் கணக்க முடிச்சிடறேன். நாளைலருந்து வராத.”

ஆபீஸ் அறையிலிருந்து ஹேமநாத் எட்டிப் பார்த்தான். கவிப்பிரியா அவனையே பார்த்தாள். இப்போதாவது சொல்வான், சிரித்துக்கொண்டாவது சொல்வான், ஐயோ நைனா அது நான்தான் என்று விளையாட்டாகவாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவனுக்கு ஒரு கணம் தடுமாற்றம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பிறகு அவன் கன்னத்தில் இருந்ததை விழுங்கினான்.

“வெத்தல பார்ட்டிங்கள ஷெட்டுக்குள்ள சேக்கவே கூடாது நைனா. நா அப்பவே சொன்னேன்.”

விழுங்கியதுதான் அவளுக்குக் குமட்டியது. இத்தனை நாள் துப்பினான். இன்று ஒருநாள் மட்டும் விழுங்கினான்.

முத்தம்மாள் அழவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கவிப்பிரியாவிடம் மட்டும் வந்து, “நீ படிச்ச பொண்ணு. நீயாவது சொல்லேம்மா. என் வாய் நாத்தமும் அந்த நாத்தமும் ஒண்ணா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் கவிழ்த்துக் கிடந்த பெயின்ட் டிரம்மில் உட்கார்ந்தாள்.

கவிப்பிரியா பாஸ்கரைப் பார்த்தாள். அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“முத்தம்மாவுக்குப் பக்கத்து ஷெட்ல சொல்லி வேல வாங்கித் தந்துடறேன் கவி. நாளைக்கே. அது கஷ்டப்படாது. சத்தியமா.”

“அதுக்கு எச்சில் துப்புனவள்னு வந்த பேரு?”

அவன் குனிந்தான். மேஜையில் கழற்றிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

நல்ல மனசுதான். எல்லாவற்றையும் பின்பக்கமாகக் கழுவிவிடுகிற நல்ல மனசு. முகப்பு எப்போதும் கண்ணாடி போல இருக்க வேண்டும். உள்ளே என்ன தேங்கினாலும் யாராவது ஒருத்தி விரல் விட்டு எடுத்துவிடுவாள். முதலில் மாமியார் எடுத்தார், பிறகு அவள் எடுத்தாள். இன்று எடுக்கக்கூட வேண்டாம், இன்னொருத்தி தலையில் கொட்டிவிட்டால் போதும் என்றாகிவிட்டது. ஹேமநாத்தின் மேல் இருந்த அருவருப்பு அவளுக்குப் பழகியது. புருஷன் மேல் வந்திருக்கிற இதுதான் புதிது. இது தங்கிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. விரலில் தங்குகிற வாடை மாதிரி இது அவன்மேல் தங்கிவிட்டால், அப்புறம் அவன் வாங்கி வரும் மல்லிப்பூவிலும் இதுதானே அடிக்கும்?

மத்தியானம் தாயாரம்மாள் ஆட்டோவில் கேரியரோடு வந்து இறங்கினார். பெங்களூர்க்காரர் வருகிற நாள் என்று விசேஷமாகப் பழவேற்காட்டு இறால் வாங்கி எறாத் தொக்கு செய்திருந்தார். ஆபீஸ் அறை மேஜையில் பேப்பரை விரித்து, தட்டுகளை வைத்து, கரண்டியால் அள்ளிப் போட்டார். எண்ணெய் மிதக்கும் சிவப்பில் எறாக்கள் சுருண்டு கிடந்தன. கவிப்பிரியா தட்டைப் பார்த்தாள். பேனல் பெட்டிக்குள் படிந்திருந்த ஏடுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

“இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? எதுனா விசேசமா?” என்று மாமியார் ஆசையோடு கேட்டார்.

“இல்லத்த. நாத்தம்.”

“எறாவா? காலைல வந்த எறாம்மா!”

“எறா இல்ல.”

மணவாளன் உட்கார்ந்து சோற்றில் குழி பறித்துத் தொக்கை ஊற்றினார். பாஸ்கர் அவருக்கு எதிரில் உட்கார்ந்தான். ஹேமநாத் சாப்பிடுவதற்கு முன்னால் மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய், கன்னத்தில் புதிதாக அடக்கியிருந்ததைத் துப்பிவிட்டு, வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு வந்தான். குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அது தானாகவே சுத்தமாகிவிடுகிறது.

“குந்தும்மா கவி,” என்றார் மணவாளன், சோற்றைப் பிசைந்தபடி. கோபம் தணிந்து குரலில் வாஞ்சை வந்திருந்தது. “சாப்ட்டு, அந்தப் பொட்டிய நீயே ஒரு கை பாத்துடு. பாஸ்கரு முரட்டுக் கை. வேலைக்காரங்கள இனிமே நம்ப முடியாது. உன் கைதான் சுத்தம். நாலு மணிக்கு அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடுவே.”

“சூப்பரா முடிச்சிடுவாங்க நைனா. அண்ணி கை ராசி,” என்றான் ஹேமநாத். ஒரு எறாவை எடுத்து வாயில் போட்டான்.

கண்ணாடி வழியாக வேப்பமரம் தெரிந்தது. முத்தம்மாள் வெற்றிலைப் பையை மடியில் அவிழ்த்து வைத்திருந்தாள். போடவில்லை. வாயைப் புடவைத் தலைப்பால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கவிப்பிரியா உட்காரவில்லை. மூலையில் இருந்த வாஷ்பேசினைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வடிகட்டி. அதன் துளைகளிலும் சிவப்பாகத் துணுக்குகள். அவள் விரல் தானாகவே ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது, அந்த வேலைக்குப் பழகிய விரல். அதைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மாமனார் முதல் கவளத்தை உருட்டிவிட்டார். அவர் அதை வாயில் வைத்து முடிக்கட்டும், இரண்டாவதும் முடிக்கட்டும், சாப்பாடு முடியட்டும், கை கழுவட்டும் என்று நாலு வருடமாக அவள் காத்திருந்த நேரம் ஒருநாளும் வந்ததில்லை. அந்த வீட்டில் யாராவது எப்போதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாஸ்கர் அவள் முகத்தைப் பார்த்தான். மொட்டைமாடியில் பார்த்தது போலவே பார்த்தான். சோற்றில் இருந்த அவன் கை நின்றது. வேண்டாம் என்று தலையை லேசாக, மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல், ஆட்டினான்.

“இன்னாங்க,” என்றாள் கவிப்பிரியா. மாமனாரின் கவளம் பாதி வழியில் நின்றதை அவள் பார்த்தாள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். “இத்த மட்டும் கேக்காத, வேற எது வேணா கேளுன்னு அன்னிக்கி மாடியில சொன்னீங்க. நா இதுவரைக்கும் வேற ஒண்ணுமே கேக்கல. இப்ப இத்தத்தான் கேக்கறேன், எல்லாரு முன்னாலயும் கேக்கறேன். அந்தப் பொட்டில கீறது முத்தம்மா எச்சில் இல்ல, உங்க தம்பி எச்சில். உங்க தம்பி துப்புனத உங்க தம்பியே கழுவட்டும். அத்த நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.”